ஏழு பள்ளம்

ரிவோல்வரை நடுவில் மடித்துத் திறந்து, குழலை மின்குமிழுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கிற ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒரு கண் தெரிகிறது. விசர் என்பீர்கள். சொல்லுங்கள், எனக்கென்ன. இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கண் அருளானந்தனுடையது. அவன் செத்து இருபத்தெட்டு வருடமாகிறது.

என் பெயர் இரவீந்திரன். ஒஸ்லோவில், ரொம்மனில் குடியிருக்கிறேன். லேத் பட்டறையில் வேலை. சனிக்கிழமைகளில் மற்றத் தமிழர்கள் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நின்று ஊர்க்கதை கதைப்பார்கள். நான் சூட்டுக் கழகத்துக்குப் போவேன். ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, நானே செய்த சன்னங்களைச் சுடுவேன். "என்ன ரவியண்ணை, உங்களுக்கு இன்னும் சண்டை முடியேல்லையோ?" என்று கோயிலில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான். வாயைப் பொத்திக்கொண்டு அர்ச்சனைத் தட்டைப் பிடியடா என்று சொல்ல நா துடித்தது. சாமி முன்னால் நின்றபடியால் விழுங்கிக்கொண்டேன்.

கையால் வார்த்த ஈயச் சன்னத்தில் ஒரு கரைச்சல் உண்டு. ஈயம் மென்மையானது. குழலுக்குள்ளால் போகும்போது தன் தோலைக் கொஞ்சம் உள்ளே உரித்துவிட்டுப் போகும். இதை ஈயம் பிடிக்கிறது என்போம். ஒரு சூட்டில் ஒன்றும் தெரியாது. பத்து, பதினைந்து என்று போகப் போக, குழலின் பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் படை படையாக ஏறும். முதலில் குறி தவறும். அதையும் கவனிக்காமல் விட்டால், பழைய ரிவோல்வர்களில் அந்த ஈயம் குழலுக்கும் ஆறு துளை உள்ள உருளைக்கும் நடுவே இருக்கிற கடுகளவு இடைவெளியை அடைத்துவிடும். பிறகு உருளை சுற்றாது. உருளை சுற்றாவிட்டால் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

அருளானந்தனின் கையில் கடைசியாக இருந்தது அதுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. எனக்கும் அவனுக்கும் இருபத்தொரு வயது. எந்த இயக்கம் என்று கேட்காதீர்கள், அது இப்போது எதற்கு. அவனிடம் ஒரு பழைய பிரித்தானிய ரிவோல்வர் இருந்தது. சன்னம் இல்லை. நான் லேத் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன், ஊரிலேயே வேர்ணியர் அளவுகோல் வைத்து அளக்கத் தெரிந்த ஒரே பெடியன் என்ற எண்ணம் தலைக்குள் இருந்தது. குழலின் வாயை அளந்தேன். ஒன்பது தசம் பூச்சியம் ஒன்பது மில்லிமீற்றர். இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அளவுக்குப் பித்தளையில் அச்சுக் கடைந்து, மீன்வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை உருக்கி வார்த்தேன். ஈயம் பிடிக்காமலிருக்க சன்னத்துக்கு நெய்ப்புப் பூசவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இலுப்பெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் காய்ச்சி, ஒரு பால்மா ரின்னில் ஊற்றி, அருளின் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

அது கார்த்திகை மாதம். விளக்கீட்டன்று பின்னேரம் நான் போனபோது வேலி ஓரம் முழுவதும் சிட்டி விளக்குகள். படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் நாற்பது, ஐம்பது இருக்கும். அருளின் தங்கை சிவநாயகிக்கு அப்போது பதினைந்து வயது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரி தூண்டிக்கொண்டு திரிந்தாள். அடுப்படிக்குப் போனேன். ரின் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. இலுப்பெண்ணெய் மணக்கும் என்பதால் எங்கள் வீடுகளில் அது விளக்குக்குத்தான், சமையலுக்கில்லை. பெட்டையைக் குறை சொல்லவும் முடியாது. அருளிடம் மட்டும் போய்ச் சொன்னேன். "விடடா, நாளைக்கு வேற காய்ச்சுவம். இண்டைக்குக் காய்ஞ்சதைத் தா" என்றான். பூசாமல் வெறுமனே இருந்த சன்னங்களை வெற்றுத் தோட்டாக் கோதுகளில் ஏற்றிக் கொடுத்தேன். அன்றைக்கே பன்னிரண்டைப் பனங்காணிக்குள் சுட்டுப் பழகினான். மிச்சம் ஆறும் உருளையில்.

மறுநாள் காலை ஒழுங்கையில் ஆமி வந்தது. "நீ வேலியைப் பாய்ஞ்சு ஓடு, நான் பின்னாலை வாறன்" என்றான். ஓடினேன். பின்னால் அவனுடைய சூடு இரண்டு கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. அவன் குரல்தான் கேட்டது.

"சுத்தேல்லையடா ரவி!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன கண்டேன்.

அவனுடைய தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன். நோர்வேக்கு வந்து விசா சரிவந்த பிறகு, தொண்ணூற்றிரண்டில் கலியாணப் பேச்சுக்கால் வந்தது. நாயகி என்று கூப்பிடுவேன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். ஒரு மகள், சோபிகா, பேர்கனில் தங்கிப் படிக்கிறாள். எண்ணெய், சுற்றாத உருளை, ஒன்றுமே நான் நாயகியிடம் சொன்னதில்லை. "அண்ணாவுக்கு நோகேல்லை, உடனை முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கொளுத்திய விளக்குகளால்தான் அண்ணன் போனான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். நல்ல மனுசன்தானே என்று நீங்களும் நினைப்பீர்கள். அப்படி நினைக்கவேண்டாம். சில நாட்களில் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டும்போது என் கண் அவளுடைய விரல்களுக்குப் போகும். அந்த விரல்தானே ரின்னை வழித்து எடுத்தது என்று மனம் சொல்லும். ஒரு ஆத்திரம் ஏறும். சீ, என்ன மனிசன் நான் என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறி, இத்தனை வருடம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. எண்ணெய் இல்லாததால்தான் உருளை இறுகியதா? இல்லை என்றால் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம். ஓம் என்றால், குறைந்தது உறுதியாவது தெரியும். அதற்காகத்தான் கழகத்தில் சேர்ந்தேன், படிவங்கள் நிரப்பினேன், பொலிஸில் அனுமதி எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அதே மாதிரி ரிவோல்வர் ஒன்று கைக்கு வந்தது. அதே அளவுக்கு அச்சுக் கடைந்தேன். வெறும் சன்னங்களைச் சுட்டேன். பதினேழாவதில் உருளை இறுகி நின்றது. மடித்துத் திறந்து குழலுக்குள் பார்த்தபோதுதான் முதன்முதல் அந்தக் கண் தெரிந்தது.

அன்றைக்கு நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து நாயகியுடன் இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "என்ன கோதாரி பிடிச்சது உங்களுக்கு?" என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கழகத்தின் சூட்டுக்களம் மலைக்குள் குடைந்த பழைய பதுங்கு அறை. காற்றை இழுக்கிற மின்விசிறிகள் ஓயாமல் இரையும். காதுக்குக் கவசம் போட்டால் அந்த இரைச்சலும் போய்விடும். அந்த மௌனத்துக்குள் கவசத்தின் உட்பக்கத்திலிருந்து அவன் கதைப்பான். ஒவ்வொரு ஆறு சூட்டுக்கும் பிறகு, மூச்சிரைக்க, "சுத்தேல்லையடா ரவி." பக்கத்துத் தடுப்பில் நிற்கிற நோர்வேஜியன் ஒன்றும் கேளாதவன் போல் நிற்பான். நான் கவசத்தைக் கழற்றி உள்ளே பார்ப்பேன். பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் இருக்கும்.

இரண்டு கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை ஒட்வார் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். கழகத்தில் அச்சுவார்ப்புக்கு அவன்தான் பொறுப்பு. எனக்குச் சம வயது, பேச்சில் ஒரு துளி இனிப்பும் கிடையாது. ஈயத்தை உருக்கிவிட்டுக் கை கழுவாமல் யாராவது கோப்பிக் கோப்பையைத் தொட்டால் அறையே அதிரக் கத்துவான். நான் செம்புக் கம்பித் தூரிகையால் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நோர்வேஜிய மொழியில் அவன் சொன்னதை எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்: "நீ சுடுறதைவிடச் சுரண்டுறதுதான் கூட. ரெண்டு வருசமாய்ப் பாக்கிறன். நெய்ப்பு என்ன பூசுறாய்?"

"ஒண்டும் பூசிறேல்லை" என்றேன்.

"பூசிச் சுட்டுப் பாத்தியோ?"

இல்லை. சத்தியமாக இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட எண்ணெய் பூசிச் சுட்டுப் பார்க்கவில்லை. பூசாமல் சுட்டேன், இறுகியது, குற்றவாளி கிடைத்துவிட்டாள், அவ்வளவுதான். பட்டறையில் ஒரு பொடியன் இப்படி அரைகுறையாகச் சோதித்துவிட்டு வந்தால் நாயே பேயே என்று ஏசியிருப்பேன்.

மறுநாளே ட்வெய்ட்டாவில் தமிழ்க் கடைக்குப் போய் இலுப்பெண்ணெய் வாங்கினேன். கடைக்காரர், "கோயில் நேர்த்தியோ அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்றேன். தேன்மெழுகு வேறு இடத்தில். அதே கணக்கில் காய்ச்சினேன். கிழமை முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொரு சன்னமாகத் தோய்த்து எடுத்தேன். பட்டறை மூலையில் அருளின் அடுப்படி மணம் எழும்பியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கழகத்தில் நின்றேன்.

ஆறு. மடித்துத் திறந்து ஏற்று. இன்னொரு ஆறு. காதுக்குள் அவன் மூச்சு. பதின்மூன்று, பதினான்கு. என் மனம் அப்போது என்ன வேண்டிக்கொண்டது என்று எனக்கே விளங்கவில்லை. பதினைந்து. விசையை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். உருளை இறுகி நின்றது. எண்ணெய் பூசியும், பூசாததைவிட இரண்டு சூடு முன்னதாகவே.

"அட கடவுளே" என்று தமிழிலேயே கத்தினேன். ஒட்வார் சூட்டை நிறுத்தும் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

அவன் ரிவோல்வரை வாங்கித் திறந்து பார்த்தான். பிறகு என் சன்னம் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். "எண்ணெயிலை பிழையில்லை" என்றான். "நல்ல எண்ணெய். சன்னம் சின்னன். குழலை என்னெண்டு அளந்தனீ?"

"வேர்ணியராலை. வாயிலை."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். குழலைத் துப்புரவாகச் சுரண்டி எண்ணெய் துடைத்துவிட்டு, மென்மையான ஈயக் குண்டு ஒன்றை வாயில் வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி மறுபக்கத்தால் தள்ளினான். வெளியே விழுந்ததை என் உள்ளங்கையில் வைத்தான். குழலின் உட்புறம் அப்படியே அதில் பதிந்திருந்தது. சுற்றிவர மேடும் பள்ளமும்.

"பள்ளத்தை எண்ணு" என்றான்.

எண்ணினேன். ஏழு.

"ஏழு" என்றான் அவனும். "ஆறு எண்டா ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரிலை இன்னொரு பள்ளம் இருக்கும். வேர்ணியர் சரியாச் சொல்லும். ஏழுக்கு அப்பிடியில்லை. பள்ளத்துக்கு எதிரிலை மேடுதான் நிக்கும். நீ எப்பிடிப் பிடிச்சு அளந்தாலும் குறைஞ்ச கணக்குத்தான் வரும். லேத்காரன் நீ, உனக்கு நான் சொல்லோணுமே?"

சொல்லவேண்டியதில்லை. மூன்று பற்கள் உள்ள வெட்டுக்கருவியை இப்படி அளக்கக்கூடாது என்று நானே புதிதாக வருகிறவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறேன். ஒட்வார் அதற்கென்று இருக்கிற நுண்மானியில் ஈயத் துண்டை வைத்துத் திருகினான். ஒன்பது தசம் ஒன்று ஏழு. நான் அளந்தது ஒன்பது தசம் பூச்சியம் ஒன்பது. வித்தியாசம் ஒரு தலைமயிரின் தடிப்பு. அந்த இடைவெளியால் வெடிமருந்தின் நெருப்பு சன்னத்தை முந்திக்கொண்டு பாய்கிறது, ஓரத்தை உருக்குகிறது, உருகியது குழலில் ஒட்டுகிறது. எண்ணெய் பூசினாலும் அதுதான், பூசாவிட்டாலும் அதுதான்.

நான் விடவில்லை. ஒட்வாரின் பெட்டியில் சரியான அளவில் வார்த்த சன்னங்கள் இருந்தன. அவற்றைப் பூசாமல், துடைத்துக் காய்ந்தபடியே ஏற்றினேன். இருபத்துநான்கு சூடு. உருளை கடைசி வரை தண்ணீர் போல் சுற்றியது. மடித்துத் திறந்து குழலுக்குள் பார்த்தேன். கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான். மறுமுனையில் கண் இருந்தது. இந்த முறை அது இமைக்கவே இல்லை. காதுக் கவசத்துக்குள் அவன் ஒன்றும் சொல்லவுமில்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

வாங்கில் இருந்துவிட்டேன். ஒட்வார் ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கை கழுவிப்போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனான். பதினைந்து வயதுப் பெட்டை கொளுத்திய விளக்கில் ஒரு பிழையும் இல்லை. இருபது வருடமாக நான் ஆத்திரத்தோடு பார்த்த விரல்களில் ஒரு பிழையும் இல்லை. என் அருமை வேர்ணியர்தான். ஊரிலேயே அளக்கத் தெரிந்த ஒரே பெடியன்!

மறைக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், வந்தது. எண்ணெய்க் கதையே அவளுக்குத் தெரியாதே, இது மட்டும் ஏன் தெரியவேண்டும்? ஆனால் இனி அந்தக் கையிலிருந்து தேத்தண்ணியை எப்படி வாங்குவது? இத்தனை வருடமும் ஆத்திரப்படவாவது எனக்கு ஒரு ஆள் இருந்தது.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். நாயகி வேலையால் வந்து லீக்ஸ் அரிந்துகொண்டு நின்றாள்.

"நாயகி, கத்தியை வைச்சிட்டு வந்து இரும். ஒரு விசயம் கதைக்கோணும். அண்ணாவைப் பற்றி."

அவள் கத்தியை வைக்கவில்லை. "எண்ணெய்க் கதையோ?" என்றாள்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"அண்ணாதான். விளக்கு அணையிறதுக்கு முன்னமே வந்து, 'அது துவக்குக்கு வைச்ச எண்ணெயடி மொக்கு' எண்டு தலையிலை ஒரு குட்டு. சிரிச்சுக்கொண்டுதான் குட்டினவர். அடுத்த நாள் ஆள் இல்லை. செத்தவீட்டிலை பெடியள் கதைச்சவங்கள், துவக்கு இறுகிப்போச்சாம் எண்டு. நான் சின்னப்பிள்ளைதான், ஆனா மொக்கில்லை."

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்றாள். பிறகு லீக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள், தேத்தண்ணி தரேக்கை என்ரை கையைப் பாத்தியள். அண்டைக்கே விளங்கிட்டுது, உங்களுக்கும் தெரியுமெண்டு. பிறகு என்னத்தைச் சொல்லிறது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் பூசியும் இறுகியதை, பூசாமலே இருபத்துநான்கும் ஓடியதை, ஏழு பள்ளத்தை, என் அளவை. ஒட்வார் தள்ளி எடுத்த ஈயத்தை மேசையில் வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"அப்ப அது எண்ணெயாலை இல்லை."

"இல்லை. நாப்பது விளக்கில்லை, நானூறு கொளுத்தியிருந்தாலும் அது அப்பிடித்தான் நடந்திருக்கும். பிழை என்ரை, நாயகி. நான்தான் பிழையா அளந்தது."

"எவ்வளவு பிழை?"

"ஒரு தலைமயிர்."

கத்தியைக் கழுவினாள். துடைத்து லாச்சிக்குள் வைத்தாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கியிருப்பேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு லண்டனிலை ஒரு இடம் பேசிவந்தது, தெரியுமோ? நல்ல பெடியனாம். எனக்கும் படம் பிடிச்சுத்தான் இருந்தது. வேண்டாமெண்டிட்டு, ரவியண்ணையைக் கேளுங்கோ எண்டு நான்தான் அம்மாட்டைச் சொன்னனான். அம்மா ஏனெண்டு கேட்டு அழுதவ. உங்களைக் கட்டினா ஒவ்வொரு நாளும் அண்ணா ஞாபகத்திலை நிப்பார், நான் செய்ததை மறக்க ஏலாது எண்டு யோசிச்சன். எனக்கு அது வேணும், அதுதான் எனக்குச் சரி எண்டு யோசிச்சன். அந்தப் பார்வையையும் அதுக்காகத்தான் பொறுத்தனான்."

மேசையில் கிடந்த ஈயத்தைக் கைக்குள் எடுத்துக்கொண்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை எண்டா," என்றாள் நாயகி, "நான் ஏன் இஞ்சை வந்தனான்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், என் முகத்தையே பார்த்தபடி பதிலுக்காக நின்றாள்.